மாஸ்டர்ஸ் பண்ணலாமா என்று கேட்கும் தம்பி தங்கச்சிகளுக்கு

பட்டமளிப்பு விழாப் படங்கள் முகநூலில் வரிசை கட்ட ஆரம்பித்தால், எனக்கு இன்பாக்ஸில் கேள்விகளும் வர ஆரம்பித்துவிடும். "அண்ணே, பிசினஸ்ல மாஸ்டர்ஸ் பண்ணலாம்னு இருக்கேன். ரிசர்ச் மோட்ல ஃபீஸ் கம்மி, கிளாஸும் இல்லையாம். எடுக்கலாமா?" கேட்பவர்களில் முக்கால்வாசிப் பேர் நம்ம கெடா மாநிலத்துப் பீடோங், சுங்கை லாலாங், குரூண் பக்கத்துப் பிள்ளைகள். தனித்தனியாகப் பதில் எழுதி அலுத்துவிட்டது. மொத்தமாக இங்கேயே எழுதிவிடுகிறேன். நீளமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஃபீஸ் கம்மி, கிளாஸ் இல்லை என்ற இரண்டு காரணத்துக்காக ஆய்வு முதுகலையில் சேராதீர்கள். மண்டையைக் குடைகிற ஒரு கேள்வி இருந்தால் சேருங்கள். அந்தக் கேள்வியைத் தேடிக் கோலாலம்பூர் வரைக்கும் போக வேண்டாம். நம்ம டவுன் மளிகைக் கடையிலேயே கிடக்கிறது.

நம் மலேசியாவில் முதுகலை மூன்று விதம். பாடம், அசைன்மென்ட், தேர்வு என்று முடிப்பது ஒன்று. எம்பிஏ பெரும்பாலும் இந்த வகைதான், குறைந்தது 40 கிரெடிட். கொஞ்சம் பாடம் கொஞ்சம் ஆய்வு என்று கலந்து செய்வது இன்னொன்று. மூன்றாவதுதான் முழு ஆய்வு. இதில் கிரெடிட் கணக்கே கிடையாது. ஆய்வுமுறை வகுப்பு ஒன்றிரண்டு இருக்கும், அப்புறம் நீங்களும் உங்கள் சூப்பர்வைசரும் உங்கள் தீசிஸும்தான். இளங்கலையில் சிஜிபிஏ, அதாவது மொத்தப் புள்ளிச் சராசரி, 2.75 இருந்தால் நேராக விண்ணப்பிக்கலாம். 2.50-க்கும் 2.75-க்கும் நடுவில் என்றால் பல்கலைக்கழகம் தன் பங்குக்கு ஒரு மதிப்பீடு செய்து பார்க்கும். அதற்கும் கீழே என்றால் துறையில் ஐந்து ஆண்டு வேலை அனுபவம் காட்ட வேண்டும்.

கிளாஸ் இல்லை என்று எல்லாரும் சந்தோஷமாகச் சொல்கிறார்கள். கிளாஸ் இல்லையென்றால் கூட்டாளிகளும் இல்லை. எம்பிஏ படிக்கிறவனுக்கு வாட்ஸ்அப் குரூப் இருக்கும். நாளைக்கு அசைன்மென்ட் அனுப்ப வேண்டுமென்றால் இன்றிரவு நாலு பேர் சேர்ந்து புலம்பலாம். ஆய்வு செய்கிறவனுக்குப் புலம்பவும் ஆள் இல்லை. நான் கையுறைத் தொழிற்சாலையில் கணக்குப் பிரிவில் வேலை பார்த்துக்கொண்டே பகுதி நேரமாகச் செய்தவன். வேலை முடிந்து வந்து, குளித்து, சாப்பிட்டு, லேப்டாப்பைத் திறந்தால் போன வாரம் எழுதிய அதே பத்தி என்னைப் பார்த்துக்கொண்டிருக்கும். அம்மா கேட்பார், "பரீட்சை எப்பய்யா?" பரீட்சையே இல்லாத படிப்பு என்றால் அவருக்குச் சந்தேகம் வராதா?

அப்புறம், சம்பளம். ஆய்வு முதுகலை முடித்தால் சம்பளம் ஏறுமா என்று கேட்டால், தொழிற்சாலையிலும் வங்கியிலும் அநேகமாக ஏறாது. மேலாளர் பதவிதான் குறி என்றால் எம்பிஏ எடுங்கள். கணக்கியல் ஆள் என்றால் ஏசிசிஏ என்ற கணக்காளர் தொழில்தகுதியை முடியுங்கள், அதற்கு இன்னும் மதிப்பு அதிகம். கல்லூரியில் பாடம் நடத்த ஆசைப்படுகிறவர்களுக்கு முதுகலை கட்டாயம் வேண்டும், ஏனென்றால் இளங்கலை மாணவருக்குப் பாடம் எடுப்பவர் அதைவிட ஒரு படி மேலே படித்திருக்க வேண்டும் என்பது விதி. பிஎச்டி வரைக்கும் போகிற எண்ணம் இருந்தாலும் ஆய்வு வழி பொருந்தும். நல்ல வேகத்தில் போனால் பாதி வழியிலேயே பிஎச்டிக்கு மாற்றிக்கொள்ளவும் பல இடங்களில் வழி இருக்கிறது.

சரி, சேர்ந்தாயிற்று என்று வைத்துக்கொள்வோம். எந்தத் தலைப்பு? நம் பிள்ளைகள் கோட்டை விடுவது இங்கேதான் என்பது என் கருத்து.

பார்த்துச் சொல்லுங்கள் என்று எனக்கு வருகிற பத்து புரொப்போசலில், அதாவது ஆய்வு முன்மொழிவில், எட்டு ஒரே மாதிரி இருக்கும். இ-வாலட் பயன்படுத்தும் எண்ணத்தைப் பாதிக்கும் காரணிகள். ஆன்லைன் ஷாப்பிங்கில் வாடிக்கையாளர் திருப்தி. கோட்பாட்டுக்கு 1989-இல் டேவிஸ் எழுதிய தொழில்நுட்ப ஏற்பு மாதிரி, இல்லையென்றால் 1991-இல் ஐசன் எழுதிய திட்டமிட்ட நடத்தைக் கோட்பாடு. கூகுள் ஃபார்மில் ஒன்றிலிருந்து ஐந்து வரை டிக் போடும் கேள்விகள். எத்தனை பேரிடம் என்று கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு "384" என்பார்கள். கிரெஜ்சியும் மோர்கனும் 1970-இல் போட்ட அட்டவணையில் பத்து லட்சம் மக்கள்தொகைக்கு நேராக இருக்கும் எண் அது. அந்த எண் எங்கிருந்து வந்தது, நம் ஆய்வுக்குப் பொருந்துமா என்று யாரும் கேட்பதில்லை. ஃபார்ம் லிங்க்கைக் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட்டு, சித்தி பெரியம்மாவெல்லாம் மாணவர் என்ற பெயரில் நிரப்பித் தருகிறார்கள். ஸ்மார்ட்பிஎல்எஸ் என்ற புள்ளியியல் மென்பொருளில் போட்டால் அம்புக்குறிகள் அழகாக வந்துவிடும். பட்டமும் வந்துவிடும். அந்தப் பிள்ளைக்கும் சரி, ஊருக்கும் சரி, தெரியாத ஒன்றை அது சொல்லாது.

எண் ஆய்வே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. நான் கணக்குப் பிள்ளை, எண்தான் எனக்குச் சோறு. கேள்வி முதலில் பிறக்கட்டும், கருவியை அப்புறம் எடுக்கலாம் என்கிறேன், அவ்வளவுதான்.

என் கேள்வி 555 நோட்டு. தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு விளக்க வேண்டாம். அட்டையில் 555 என்று போட்ட, சட்டைப்பையில் அடங்கும் சின்ன நோட்டு. கடைக்காரரிடம் ஒன்று, வீட்டில் ஒன்று. அரிசி, சீனி, மைலோ எல்லாம் பற்று எழுதி, சம்பளம் போட்டதும் தீர்ப்பது. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, தோட்டத்து லயத்து வீடுகள் போய்த் தாமான் குடியிருப்பு வீடுகள் வந்தன, பக்கத்திலேயே ஏர்கண்டிஷன் போட்ட மினி மார்க்கெட்டும் வந்தது. அதற்கப்புறமும் சில கடைகளில் அந்த நோட்டு ஏன் சாகவில்லை? யாருக்குக் கடன், யாருக்கு இல்லை என்று கடைக்காரர் எப்படி முடிவு செய்கிறார்?

வங்கி என்றால் சம்பளச் சீட்டு கேட்கும், பழைய கடனையெல்லாம் காட்டும் சிசிஆர்ஐஎஸ் அறிக்கை பார்க்கும். ஒரு கடைக்கார மாமா என்னிடம் சொன்னது இது: "புதுசா ஒருத்தன் பற்றுக்கு வந்தா நான் சம்பளம் கேக்க மாட்டேன் தம்பி. கோயில் வரி கட்டுறானான்னு பார்ப்பேன். சாமிக்கு ஒழுங்கா கட்டறவன் எனக்கும் கட்டுவான். சாமிய ஏமாத்துறவன்கிட்ட நான் எம்மாத்திரம்?" அவர் அந்தக் கோயில் கமிட்டியில் பொருளாளர். வரிப் புத்தகம் அவர் கையில்தான். கடன் வாங்குகிறவர் திருப்பிக் கட்டுவாரா என்பது கடன் கொடுப்பவருக்குத் தெரியாமல் இருப்பதால்தான் கடன் சந்தையே கோணலாகிறது என்று ஸ்டிக்லிட்ஸும் வைஸும் 1981-இல் கட்டுரை எழுதினார்கள். அந்தத் தெரியாமையை மாமா திருவிழா வசூலை வைத்துச் சமாளித்துக்கொண்டிருந்தார். எனக்குத் தீசிஸ் எழுத வேண்டும் என்று உண்மையிலேயே ஆசை வந்தது அன்றைக்குத்தான்.

இப்படிப்பட்ட தலைப்பு சுலபம் என்று நினைத்துவிடாதீர்கள். நெறிமுறைக் குழு ஒப்புதல் கொடுத்த பிறகு, பேட்டி கொடுக்கும் ஒவ்வொருவரிடமும் சம்மதப் படிவத்தில் கையெழுத்து வாங்க வேண்டும். நம் ஊரில் பேச ஆள் கிடைக்கும், கையெழுத்துப் போட ஆள் கிடைக்காது. ஜாமீன் கையெழுத்துப் போட்டதால் ஆலோங், அதாவது வட்டி முதலை, வாசலில் வந்து நின்ற கதை ஒவ்வொரு தெருவிலும் ஒன்று இருக்கிறது. ஓர் அக்கா இரண்டு மணி நேரம் தேத்தண்ணி கொடுத்து எல்லாவற்றையும் பேசினார். படிவத்தை நீட்டியதும் முகம் மாறிவிட்டது. "இது எதுக்குய்யா? நீ அரசாங்கத்துலேருந்தா வர்ற?" அந்தப் பேட்டியை நான் பயன்படுத்தவே இல்லை. அதற்கப்புறம் வாய்மொழிச் சம்மதத்தை ஒலிப்பதிவு செய்ய அனுமதி கேட்டு மறுபடியும் குழுவுக்கு எழுதினேன், கொடுத்தார்கள். நீங்கள் முதலிலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

பேட்டி முழுக்கத் தமிழ். தீசிஸ் ஆங்கிலத்திலோ மலாயிலோதான் எழுத வேண்டும். முதலில் தமிழில் தட்டச்சு செய்து, அப்புறம் மொழிபெயர்க்க வேண்டும். ஒரு மணி நேரப் பேச்சு ஒரு ஞாயிற்றுக்கிழமையை முழுதாகத் தின்றுவிடும். இந்த நேரத்தையெல்லாம் புரொப்போசலில் யாரும் கணக்கில் எழுதுவதில்லை.

புரொப்போசலைக் குழுவின் முன் விளக்கும் டிஃபென்ஸில் ஒரு பேராசிரியர் கேட்டார், "ஒரு சின்ன டவுனில் சில கடைகள். இதை வைத்து நாடு முழுவதற்கும் பேச முடியுமா?" நியாயமான கேள்விதான். முடியாது, பேசவும் போவதில்லை, ஒரு பழக்கம் எப்படி வேலை செய்கிறது என்று மட்டும் காட்டப்போகிறேன் என்றேன். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அதே அறையில் அதே நாளில், ஒரே பல்கலைக்கழக மாணவர்களிடம் ஃபார்ம் நிரப்பி வாங்கியவரிடம் இந்தக் கேள்வியை யாரும் கேட்கவில்லை. எண் என்றால் ஒரு மரியாதை இருக்கத்தான் செய்கிறது. அதற்குத் தயாராகப் போங்கள்.

தலைப்புக்கா பஞ்சம்? 1960-இல், ம.இ.கா தலைவராக இருந்த துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை ஆரம்பித்தார். வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றுக்கொண்டிருந்த காலம் அது. தொழிலாளிகள் பத்து வெள்ளி பத்து வெள்ளியாகப் போட்டுத் தோட்டமே வாங்கினார்கள். முதல் தோட்டம் புக்கிட் சீடிம், நம்ம கெடாவில்தான். தொழிலாளியே முதலாளியானால் நிர்வாகம் எப்படி நடக்கும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் கிடைக்குமா? நம் பக்கத்துப் பிள்ளைகள் அமெரிக்க ஹார்வர்ட் எழுதிய கேஸ் ஸ்டடியைத்தான் வாசிக்கிறார்கள். பீடோங்கில் ஹார்வர்ட் என்றால் முதலில் அந்தப் பேர் கொண்ட தோட்டம்தான் ஞாபகம் வரும். என் பாட்டி ஹார்வர்டில் பால்மரம் சீவியவர். அந்த வகையில் எங்கள் குடும்பத்தில் ஹார்வர்ட் போன முதல் ஆள் அவர்தான்.

பலர் சேர்ந்து மாதாமாதம் காசு போட்டு, முறை வைத்து எடுத்துக்கொள்ளும் கூட்டு பற்றி எழுத நிறையப் பேர் ஆசைப்படுகிறார்கள். தலைப்பு அருமை, ஆனால் 1971-ஆம் ஆண்டுச் சட்டப்படி கூட்டு நடத்துவதே குற்றம். பேட்டி கொடுக்கிற அக்காவை மாட்டிவிடாமல் எழுதத் தெரியாது என்றால் தொடாதீர்கள். அமானா இக்தியார் 1987-லிருந்து சிறுகடன் கொடுக்கிறது, 2024-இல் இந்தியப் பெண்களுக்கென்றே 'பெண்' கடன் திட்டமும் வந்தது. தெக்குன் என்ற அரசுக் கடன் நிறுவனத்தில் இந்தியச் சிறுவியாபாரிகளுக்கான ஸ்புமி திட்டம் இருக்கிறது. வாங்கிய கடன் வியாபாரத்தில் போனதா, பிள்ளை கல்யாணத்தில் போனதா என்று வீட்டு வாசலில் உட்கார்ந்து கேட்க நம் பிள்ளைகளால் முடியும். வெளியூர் ஆய்வாளருக்கு அந்தப் பதில் கிடைக்காது.

காசு விஷயம் சுருக்கமாக. 2024 மே மாதத்திலிருந்து இபிஎஃப் சேமநிதியில் அக்கவுன் செஜாத்ரா என்று ஒரு கணக்கு இருக்கிறது; கல்விக்கு அதிலிருந்து எடுக்கலாம். முதுகலைக் கட்டணத்துக்கு வருமான வரியில் ஆண்டுக்கு 7,000 ரிங்கிட் வரை கழிவு உண்டு. வரி கட்டுகிற அளவுக்குச் சம்பளம் இருந்தால்தானே என்று நீங்கள் முணுமுணுப்பது எனக்கும் கேட்கிறது. பிடிபிடிஎன் கல்விக் கடன் இன்னும் கழுத்தில் இருந்தால் அவசரப்படாதீர்கள், இரண்டு வருடம் கழித்துச் சேர்ந்தாலும் மளிகைக் கடை அங்கேயேதான் இருக்கும்.

இருக்குமா என்பதும் ஒரு கேள்விதான். 1987-இல் கிள்ளானில் ஒரு சின்ன மளிகைக் கடையாகத் தொடங்கிய 99 ஸ்பீட்மார்ட் 2024 செப்டம்பரில் பங்குச் சந்தைக்கே போய்விட்டது. திறமையான வியாபாரம், குறை சொல்ல ஒன்றுமில்லை. அதைப் பற்றிப் பக்கம் பக்கமாக ஆய்வறிக்கை கிடைக்கிறது. அதே காலத்தில் நம் ஊரில் மூடிய கடைகளைப் பற்றி ஒரு பக்கம் தேடிப் பாருங்கள்.

தீசிஸ் எழுதித் தருகிறோம் என்று முகநூலில் வரும் விளம்பரங்களைப் பற்றியும் கேட்கிறீர்கள். காப்பியடித்ததைப் பிடிக்கும் டர்னிட்டின் மென்பொருளைத் தாண்டிவிடலாம், நேரில் உட்கார வைத்துக் கேள்வி கேட்கும் வைவாவைத் தாண்ட முடியாது. "இந்தப் பேட்டியை எங்கே உட்கார்ந்து எடுத்தீர்கள்?" என்று ஒரே ஒரு கேள்வி போதும்.

கடைசியாக ஒரு தலைப்பு, இனாமாகத் தருகிறேன். 2025 ஆகஸ்ட் 31-லிருந்து பெரியவர்கள் எல்லாருக்கும் அடையாள அட்டையிலேயே சாரா என்ற அரசாங்க உதவி நூறு வெள்ளி வந்ததே, பதிந்துகொண்ட கடைகளில் மட்டும் செல்லும் என்றார்கள். நம்ம டவுனில் அந்தக் காசு எந்தக் கடைக்குப் போனது? பற்று நோட்டுக் கடைக்காரர் பதிந்தாரா, பதியவில்லையென்றால் ஏன்? இதை யாராவது எடுத்தால் கடைக்காரர்களிடம் நானே கூட்டிக்கொண்டு போய் அறிமுகம் செய்து வைக்கிறேன். சம்பளம் போட்ட வாரத்துச் சனிக்கிழமை மட்டும் வேண்டாம். அன்றைக்குப் பற்று தீர்க்கிற கூட்டம், மாமா நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார். செவ்வாய், புதன் மத்தியானம் இரண்டு மணிக்கு மேல் போனால் நாற்காலி போட்டுப் பேசுவார்.