கலூஃபுக்கு இருபத்தைந்து வண்டி எதற்கு?

ஓமானில் குளிர்காலம் தலைகாட்டியதும் மஸ்கட் தமிழ் வாட்ஸ்அப் குழுக்களில் போஸ்டர் சுற்ற ஆரம்பித்துவிட்டது. கலூஃப் ஆஃப்ரோடு ட்ரிப், 25 வண்டி, குடும்பத்தோடு வரலாம், பிரியாணி உண்டு, டிரோன் வீடியோ உண்டு. வியாழன் ராத்திரி கிளம்பி சனி சாயங்காலம் வீடு. போன வருஷமும் இதே போஸ்டர்தான், வண்டி எண்ணிக்கை மட்டும் ஏறியிருக்கிறது. யார் நடத்துகிறார்கள் என்று இங்கே சொல்லப் போவதில்லை. நல்ல மனுஷங்கதான், சொந்தக் காசைப் போட்டு மெனக்கெடுகிறார்கள், அதெல்லாம் சரி. ஆனால் அந்தக் கடற்கரைக்கு 25 வண்டியைக் கூட்டிக்கொண்டு போவது தப்பு என்று நினைக்கிறேன். பாதுகாப்புக்கும் தப்பு, அந்த இடத்துக்கும் தப்பு, போகிறவர்களுக்கும் அதில் சுகமில்லை.

போகாதவர்களுக்கு இடத்தைச் சொல்லிவிடுகிறேன். மஸ்கட்டிலிருந்து சினாவ் வழியாக மஹூத் போய் அங்கிருந்து கடல் பக்கம் இறங்கினால் கலூஃப். ஐந்தாறு மணி நேரம் ஓட்ட வேண்டும், பாதி தூரம் பார்க்க எதுவுமே இல்லாத சமவெளி. சின்ன மீனவர் ஊர். அதைத் தாண்டித் தெற்கே போனால் வெள்ளை மணல் மேடுகள் நேராகக் கடலில் இறங்கும், சுகர் டியூன்ஸ் என்று எல்லோரும் போட்டோ போடுவது அதுதான். ஊருக்கு வடகிழக்கே பார் அல் ஹிக்மான், கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் தட்டையான உப்பு நிலமும் சேறும். அதற்கு எதிரே கடலில் மசீரா தீவு. முன்பெல்லாம் வஹிபா பாலைவனத்தின் கடலோரமாக அல் அஷ்காராவிலிருந்து இறங்கி வருவதே பெரிய சாகசமாக இருந்தது, இப்போது அந்தப் பக்கம் தார் ரோடே வந்துவிட்டது. அதனால் மணல் ஓட்டத் தெரியாதவர்கள்கூட முழு வேகத்தில் மணலின் வாசல் வரைக்கும் வந்து நிற்கிறார்கள். பிரச்சினை அங்கேதான் தொடங்குகிறது.

மணலில் இறங்குவதற்கு முன்னால் டயரில் காற்றைக் குறைக்க வேண்டும். ரோட்டில் 35 பிஎஸ்ஐ வைத்திருப்பவர் 15, 18க்குக் கொண்டுவர வேண்டும். அப்போதுதான் டயர் நீளவாக்கில் படிந்து வண்டி எடையைப் பரப்பித் தாங்கும், இல்லையென்றால் மணலை அறுத்துக்கொண்டு உள்ளே போகும். தெரிந்தவருக்கு ஒரு வண்டிக்குப் பத்து நிமிஷ வேலை. 25 வண்டி நிற்கும்போது என்ன நடக்கிறது என்றால், பாதிப் பேரிடம் காற்றழுத்தம் பார்க்கும் கேஜ் இல்லை. இருக்கிற நாலு கேஜ் கைமாறிக்கொண்டே இருக்கிறது. ஒருத்தர் "25 போதும் பாஸ், ரிம் கழண்டுடும்" என்கிறார், இன்னொருத்தர் குழந்தைக்கு டயப்பர் மாற்றுகிறார். டயருக்கு மட்டுமே ஒன்றரை மணி நேரம். காலை ஏழு மணிக்கு மணலில் இருந்திருக்க வேண்டிய கூட்டம் பத்து மணிக்கு இறங்குகிறது. காலையில் சூரியன் சாய்ந்திருக்கும்போது மேடு எது பள்ளம் எது என்று நிழல் சொல்லிவிடும். வெயில் ஏற ஏற நிழல் மறைந்துவிடும், எல்லாம் ஒரே வெள்ளை, முன்னால் இருக்கும் மேட்டின் மறுபக்கம் செங்குத்தா சரிவா என்று உச்சியில் ஏறி நிற்கும் வரை தெரியாது. அந்த நேரத்தில்தான் புதுசாக வந்தவர்கள் மேடு ஏறுகிறார்கள்.

ஒரு வண்டி மேட்டைத் தாண்டி மறுபக்கம் இறங்கி விலகியபிறகுதான் அடுத்தது ஏற வேண்டும். பின்னாலேயே ஏறினால் முன்னால் போனவர் இறக்கத்தில் சிக்கியிருந்தால் அவர் மேலேயே போய் விழ வேண்டியதுதான். ஆக வண்டிக்கு இரண்டு நிமிஷம் என்று வைத்தாலும் 25 வண்டி ஒரு மேட்டைத் தாண்ட ஐம்பது நிமிஷம். யாரும் சிக்காமல் இருந்தால்! கடைசி வண்டிக்காரர் இஞ்சினை ஓடவிட்டு ஏசியில் உட்கார்ந்து பெட்ரோலை எரித்துக்கொண்டிருப்பார், பொறுமை போய் வரிசையை விட்டுப் பக்கத்தில் தானாக ஒரு வழி போடுவார், அவரைப் பார்த்து இன்னும் மூன்று பேர். இதை ஒவ்வொரு பெரிய ட்ரிப்பிலும் பார்க்கிறேன். என்னைப் பெரும்பாலும் கடைசி வண்டியாகத்தான் போடுவார்கள், அதனால் எல்லாக் கூத்தும் எனக்கு முன்னால்தான் நடக்கும்.

பலருக்குத் தெரியாத இன்னொரு விஷயம், முன்னால் போகிற வண்டி நல்லபடியாகப் போனால் பின்னால் போகிறவருக்கும் அதே நிலைமை என்று அர்த்தமில்லை. மணலில் முதல் இரண்டு மூன்று வண்டி தடத்தைக் கெட்டிப்படுத்தும், உண்மைதான். அதற்கப்புறம் தடம் கலங்கி மாவாகிவிடும். எட்டாவது ஆள் தடுமாறுவார், பதினைந்தாவது ஆள் ஆக்ஸிலரேட்டரை மிதிப்பார், சக்கரம் சுற்றச் சுற்றக் குழி ஆழமாகி வண்டி வயிறு மணலில் உட்கார்ந்துவிடும். "எனக்கு மட்டும் ஏன் சிக்குது"ன்னு அவருக்கு மனசு விட்டுப்போகும். அவர் ஓட்டியதில் பெரிய குறை எதுவும் இருக்காது, பதினைந்தாவதாக வந்ததுதான் குறை.

சப்கா என்னும் உப்புத் தரையில் இது இன்னும் மோசம். கடல் தண்ணீர் அடியிலிருந்து ஊறி மேலே வந்து காய்ந்து உப்பு படிந்து, மேலே ஒரு ஓடு கட்டியிருக்கும். பார்த்தால் கிரிக்கெட்டே ஆடலாம் போல இருக்கும். அடியில் சேறு. ஓடு தாங்குகிற வரைக்கும் தாங்கும், பிறகு அப்பளம் மாதிரி நொறுங்கும். ஒவ்வொரு வண்டி போகும்போதும் அது கொஞ்சம் கொஞ்சமாகப் பலவீனப்படுகிறது, முதல் ஆறு வண்டி போய்விட்டது என்பது ஏழாவது வண்டிக்கு உத்தரவாதமே இல்லை.

போன சீசனில் பார் அல் ஹிக்மான் ஓரத்தில் அதுதான் நடந்தது. முன்னால் போனவர்கள் பழைய தடத்தை விட்டு இறங்கிக் கடலுக்குப் பக்கமாக, போட்டோவுக்கு நன்றாக இருக்கும் என்று, குறுக்கே போனார்கள். வண்டிகளுக்குள் பேசிக்கொள்ளும் ரேடியோவில் பழைய தடத்துக்கு வாங்க என்று சொன்னேன், அதில் யாரோ பாட்டுப் போட்டிருந்தார்கள். நடுவில் போன ஒரு வண்டியின் பின் சக்கரம் இரண்டும் அச்சு வரை இறங்கியது. உதவப் போன இன்னொருத்தர் பக்கத்திலேயே நிறுத்தினார், அவருடையதும் இறங்கியது. சேறு சாதாரணச் சேறு இல்லை, கறுப்பாகப் பசை மாதிரி, முட்டை அழுகின வாசனையோடு. கையால் அள்ளினால் பக்கத்துச் சேறு வழிந்து அந்தக் குழியை மூடிவிடும். ஜாக்கி வைத்தால் வண்டி மேலே வரவில்லை, ஜாக்கி கீழே போனது. சுற்றிலும் முப்பது நாற்பது பேர் நின்று ஆளுக்கு ஒரு யோசனை சொல்கிறார்கள், பாதிப் பேர் வீடியோ எடுக்கிறார்கள்.

அப்போது ஒரு பிக்கப்பில் ஓமானி மீனவர் ஒருவர் வந்தார், பின்னால் வலைக்கு மேல் உட்கார்ந்து இரண்டு பேர். அதில் ஒருத்தர் நம்ம ஆள், கன்னியாகுமரி மாவட்டத்துக் கடற்கரைக்காரர். அந்தப் பக்கத்து ஆட்கள் வளைகுடா பூராவும் மீன்பிடி வேலையில் இருக்கிறார்கள், ஆனாலும் அந்த இடத்தில் தமிழ் கேட்டதும் ஒரு நிமிஷம் யாருக்கும் பேச்சு வரவில்லை. அவர் வணக்கமெல்லாம் சொல்லவில்லை. கடலைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார். "அண்ணே, பிள்ளைகளை எல்லாம் இறக்கி மேட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க. ஏத்தம் வருது. ஒரு மணி நேரத்துல இங்க தண்ணி நிக்கும்" என்றார். அங்கே நிலம் அவ்வளவு தட்டை, ஏற்றம் வந்தால், அதாவது கடல் மட்டம் உயர்ந்தால், தண்ணீர் அலையாக வராது, சத்தமில்லாமல் படர்ந்து வரும். அந்த ஓமானி பெரியவர் எங்கள் கயிறுகளை எல்லாம் சேர்த்துக் கட்டச் சொன்னார், தன் கயிற்றையும் கொடுத்தார், பிக்கப்பைக் கெட்டியான தரையில் ரொம்பத் தள்ளி நிறுத்தி, வந்த தடத்திலேயே பின்பக்கமாக இழுத்தார். முதல் வண்டி வந்தது, இரண்டாவது வருவதற்குள் டயரைத் தண்ணீர் தொட்டுவிட்டது. காசு நீட்டியபோது கையைத் தட்டிவிட்டார். நம்ம ஆள் என்னிடம் தனியாக, "எதுக்கு அண்ணே இத்தனை வண்டி?" என்று மட்டும் கேட்டார். நியாயமான கேள்வி.

கூட்டமாகப் போனால் பாதுகாப்பு என்பதுதான் எல்லோரும் சொல்லும் பதில். ஒற்றை வண்டியில் போகாதே என்பது சரியான பேச்சு, அதில் எனக்கு மறுப்பே இல்லை. சிக்கினால் இழுக்க இன்னொரு வண்டி, அது பழுதானால் ஆளை ஏற்றிக்கொண்டு வர மூன்றாவது. நாலு ஐந்து வண்டியில் அந்தக் கணக்கு முடிந்துவிடுகிறது. அதற்கு மேல் வருகிற ஒவ்வொரு வண்டியும் சிக்கக்கூடிய வண்டி, பெட்ரோல் தீரக்கூடிய வண்டி, வழி தவறக்கூடிய வண்டி, மஹூத்தில் ஃபுல் டேங்க் போடச் சொன்னதைக் காதில் வாங்காத வண்டி. அனுபவம் உள்ளவர் எண்ணிக்கை மட்டும் அப்படியே மூன்றில்தான் நிற்கிறது. 25 வண்டிக்கு மூன்று பேர் எப்படிப் போதும்?

கூட்டத்தில் நடக்கும் இன்னொரு அபாயம், யார் வேண்டுமானாலும் கயிறு மாட்டுவது. ட்ரெய்லர் இழுக்கும் பந்து இருக்கிறதே, அதில் கயிற்றை மாட்டி வேகமாக இழுக்கக்கூடாது. அது அப்படிப்பட்ட குலுக்கலுக்குச் செய்யப்பட்டதில்லை. பிய்த்துக்கொண்டு பறந்தால் கண்ணாடியை உடைத்துக்கொண்டு உள்ளே இருப்பவர் தலைக்கு வரும், உலகத்தில் இப்படி ஆட்கள் செத்திருக்கிறார்கள். கொக்கிக்கென்று சேஸிஸில், அதாவது வண்டியின் அடிச்சட்டத்தில், இடம் இருக்கிறது, அதில்தான் மாட்ட வேண்டும், மற்றவர்கள் கயிற்றின் நீளத்தைவிட அதிகமாகத் தள்ளி நிற்க வேண்டும். ஆறு வண்டிக்காரர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்கலாம். எண்பது பேர் கொண்ட திருவிழாவில் யாரிடம் சொல்வது?

சரி, நம்ம கதை போகட்டும். அந்தக் கரையில் வேறு குடித்தனமும் இருக்கிறது. குளிர்காலத்தில் பார் அல் ஹிக்மான் சேற்றுக்கு ஐந்து லட்சம் அளவுக்குப் பறவைகள் வந்து இறங்குகின்றன, பல சைபீரியாப் பக்கத்திலிருந்து. பூநாரை நமக்குக் கண்ணில் படும், மற்றபடி சின்னச் சின்ன உள்ளான் கூட்டம், நிறத்தால் மண்ணோடு மண்ணாக இருக்கும். கடல் உள்வாங்கும் வற்றத்தின்போது சேற்றில் இரை தேடும், ஏற்றத்தின்போது தண்ணீர் சேற்றை மூடிவிடுவதால் கரையோரத்தில் ஒதுங்கி நின்று ஓய்வெடுக்கும். நாம் வண்டி ஓட்டுவது சரியாக அந்தக் கரையோரத்தில்தான். ஒரு வண்டி போனால் பறந்து பின்னாலேயே வந்து உட்காரும். வரிசையாக 25 வண்டி அரை மணி நேரம் போனால் உட்காரவே இடமில்லாமல் சுற்றிக்கொண்டே இருக்கும். அத்தனை ஆயிரம் கிலோமீட்டர் பறந்து வந்து சேர்த்த கொழுப்பை நம் டிரோன் வீடியோவுக்காக எரிக்கிறது. 2014இல் அந்த ஈரநிலத்தைக் காப்பகமாக அறிவித்திருக்கிறார்கள், அது போஸ்டரில் இல்லை.

ஆமையும் அப்படித்தான். எதிரே மசீராவில் பெருந்தலை ஆமைகள் முட்டையிடுகின்றன, ஒரு காலத்தில் உலகத்திலேயே அதிகமாக அங்கேதான் வந்தன என்பார்கள், இப்போது எண்ணிக்கை பயங்கரமாக விழுந்துவிட்டது. அது கோடைக்காலத்துக் கதை, நாம் போவது குளிர்காலத்தில் என்று சமாதானம் சொல்லலாம். ஆனால் பச்சை ஆமை ஓமானின் கிழக்கு முனையான ராஸ் அல் ஹத் பக்கத்தில் வருஷம் பூராவும் கரையேறுகிறது, அங்கேயும் இதே குழுக்கள் போகின்றன. டயர் தடம் நமக்கு ஒரு கோடு. அப்போதுதான் பொரித்து வந்த குஞ்சுக்கு அது சுவர், ஏற முடியாமல் தடத்துக்குள்ளேயே நடந்து நடந்து விடியும்போது நண்டுக்கும் காக்கைக்கும் இரையாகும்.

விறகு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். 80 பேருக்குப் பிரியாணி என்றால் விறகு வேண்டும். வஹிபா ஓரத்தில் வரும் வழியில் நிற்கும் மரங்களை ஒடித்துப் போடுகிறார்கள், இங்கே காஃப் என்று சொல்லும் அந்த மரம் நம் ஊர் வன்னிதான், விருத்தாசலம் கோயிலில் தல விருட்சமாக வைத்துச் சுற்றி வருகிற அதே மரம். ஊரில் சுற்றிவிட்டு இங்கே ஒடிப்பதா? கரி ஒரு மூட்டை மஸ்கட்டிலேயே வாங்கலாம். அப்புறம், 80 பேருக்குக் கழிப்பறை. இதைப் பற்றி யாரும் போஸ்டரில் எழுதுவதில்லை. பெண்கள் இருட்டும் வரை தண்ணீர் குடிக்காமல் உட்கார்ந்திருக்கிறார்கள், மறுநாள் காலையில் டிஷ்யூ பேப்பர் கடல் வரை பறக்கிறது. ஆறு வண்டி என்றால் ஒரு சின்னக் கூடாரம், ஒரு மண்வெட்டி, வேலை முடிந்தது.

25 வண்டிக்காரர்களுக்கு ஆசை இருந்தால் நாலு குழுவாகப் பிரித்து நாலு வாரக் கடைசியில் அனுப்புங்கள். குழுவுக்கு இரண்டு அனுபவசாலிகள், அவர்களுக்குத் திரும்பிப் போகலாம் என்று சொல்லும் அதிகாரம், அதற்கு முகம் சுளிக்காத மற்ற நாலு பேர். புதியவர்களைச் சேர்க்காதே என்று நான் சொல்லவில்லை. ஆறு வண்டிக் குழுவில்தான் புதியவருக்குக் கற்றுக்கொள்ளவே வாய்ப்பு, 25இல் அவர் மூன்று முறை இழுபட்டுவிட்டு வீட்டுக்கு வருகிறார். குழு சின்னதாக இருந்தால் ஸ்பான்ஸர் கிடைக்கமாட்டார், பேனர் பிடித்து போட்டோ எடுக்க ஆள் போதாது. அது ஒரு நஷ்டம்தான்.

நாங்கள் ஜனவரியில் போகிறோம், ஐந்து வண்டி சேர்ந்தாயிற்று, ஒரு வண்டிக்கு இடம் இருக்கிறது. கேஜ், மண்வெட்டி, முன்னும் பின்னும் சேஸிஸ் கொக்கி, இன்ஷூரன்ஸில் ஆஃப்ரோடு கவரேஜ் இருக்கிறதா என்று பாலிசியைப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள், பல பாலிசியில் தனியாகச் சேர்த்தால்தான் உண்டு. ராத்திரி பனி கொட்டும், டென்ட்டுக்கு மேல் விரிப்பு கட்டாயம். மீன் அங்கேயே வாங்கிக்கொள்ளலாம், மசாலாவும் எலுமிச்சம்பழமும் மட்டும் கொண்டு வாருங்கள். ஸ்பீக்கர் கொண்டு வருகிறவர்கள் 25 வண்டிக் குழுவில் பேர் கொடுத்துக்கொள்ளவும்.