எனர்ஜி பார் வாங்கும்போது கவரைத் திருப்பிப் பாருங்கள்

ஒரு மணி நேரத்துக்குள் முடிகிற ஓட்டத்துக்கோ நடைக்கோ எனர்ஜி பார் தேவையே இல்லை. இதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மதுரை ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் அரை மணி நேரம் நடந்துவிட்டு உடனே ஒரு பாரைப் பிரிக்கிறவர்களை நிறையப் பார்க்கிறேன், மனசு கேட்கவில்லை. உடம்பு ஏற்கெனவே சேர்த்து வைத்திருக்கிற கிளைகோஜனே, அதாவது சேமிப்பில் இருக்கிற மாவுச்சத்தே, அந்த நேரத்துக்குத் தாராளம். தண்ணீர் குடித்தால் போதும்.

நத்தம் வரை சைக்கிளில் போய்த் திரும்புகிறீர்கள், அல்லது தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்கிறீர்கள் என்றால் அது வேறு. அப்போது கையில் ஏதாவது இருக்கத்தான் வேண்டும். நீண்ட நேரம் உழைக்கிற உடம்புக்கு மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து என்பதுதான் விளையாட்டு உணவியலில் சொல்கிற கணக்கு. ஆனால் நம் ஆட்கள் கடையில் தேடுவது புரோட்டீனை! '20 கிராம் புரோட்டீன்' என்று கொட்டை எழுத்தில் போட்ட பார் உடற்பயிற்சி முடித்த பிறகு சாப்பிட வேண்டியது. புரதம், கொழுப்பு, நார்ச்சத்து மூன்றுமே வயிற்றிலிருந்து உணவு இறங்குவதைத் தாமதப்படுத்தும், பெடல் மிதிக்கும்போது கல் மாதிரி உள்ளே கிடக்கும். 1986இல் கலிபோர்னியாவில் பவர்பார் என்ற எனர்ஜி பார் நிறுவனத்தைத் தொடங்கிய பிரையன் மேக்ஸ்வெல் ஒரு மாரத்தான் ஓட்டக்காரர், ஓடுகிறவன் வயிறு தாங்குகிற, கொழுப்பு குறைந்த உணவைத்தான் அவர் தேடினார். இன்று எனர்ஜி பார் என்ற பெயரில் விற்கிற பாதிச் சரக்கு வெறும் சாக்லேட்.

அதனால் கவரின் பின்பக்கத்தைப் படியுங்கள். எது அதிக எடையில் இருக்கிறதோ அதுதான் பட்டியலில் முதலில் வரும். 'சர்க்கரை சேர்க்காதது' என்று எழுதியிருந்தால் சர்க்கரைக்குப் பதிலாக இனிப்புக்குச் சேர்க்கிற மால்டிடால் இருக்கிறதா என்று பாருங்கள், கொஞ்சம் கூடினாலும் சிலருக்கு வாயுவும் வயிற்றுப்போக்கும் வரும், நாலுவழிச்சாலையில் அது பெரும்பாடு. அப்புறம் சாக்லேட் பூசிய எதுவும் நம் ஊருக்கு வேண்டாம். கோகோ வெண்ணெய் உருகுவது சுமார் 34 டிகிரியில், சித்திரை வெயிலில் முதுகுப் பையில் அது என்ன கதியாகும் என்று சொல்லவே வேண்டாம்.

நம்ம கடலை மிட்டாய் போதாதா என்று கேட்பீர்கள். 2020இல் புவிசார் குறியீடு வாங்கிய கோவில்பட்டிக் கடலை மிட்டாய் எனக்கு உயிர், நடைப்பயணத்துக்கு அதைவிட நல்ல துணை கிடையாது. வெல்லம் சீக்கிரம் தெம்பு தரும், கடலை பசி தாங்கும், வெயிலில் சாக்லேட் போல உருகி ஓடாது. ஆனால் கடலையில் ஏறக்குறைய பாதி கொழுப்பு. அழகர்மலையில் மேல் மூச்சு கீழ் மூச்சு வாங்க ஏறும்போது அது ஒத்துவராது, அங்கே விதை எடுத்த பேரீச்சம்பழமோ வாழைப்பழமோதான் என் தேர்வு. மெல்லவும் சுலபம்.

எதுவானாலும் போட்டி நாளன்று புதிதாகச் சாப்பிட்டுப் பார்க்காதீர்கள், வழக்கமான நீண்ட பயிற்சியிலேயே வயிறு ஏற்கிறதா என்று பார்த்துவிடுங்கள். சர்க்கரை நோய்க்கு இன்சுலினோ மாத்திரையோ எடுத்துக்கொண்டு பாதயாத்திரை போகிறவர்கள் என்ன சாப்பிடலாம், எப்போது சாப்பிடலாம் என்று கிளம்பும் முன்பே மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள், வழியில் சர்க்கரை இறங்கினால் ஆபத்து. வியர்வையில் போகிற உப்பை ஈடுகட்ட பல பார்களில் போதிய உப்பு இருக்காது, அதற்கு உப்புப் போட்ட நீர்மோரைக் கூடவே எடுத்துப் போங்கள்.