கற்காலத்தின் செவிலியர்கள்

ஆதி மனிதர்களின் மருத்துவம் என்று பேச்செடுத்தாலே நம் எழுத்துகள் மூலிகைகளைத் தேடிப் போய்விடுகின்றன. ஸ்பெயினின் எல் சித்ரோன் குகையில் கிடைத்த, அழிந்துபோன மனித இனமான நியாண்டர்தால் மனிதர் ஒருவரின் பற்காறையில் (பல்லில் படிந்து இறுகிய படிவில்), சீமைச்சாமந்தி போன்ற கசப்புச் செடிகளுக்குரிய சேர்மங்கள் கிடைத்தது உண்மை. ஆனால் அவற்றை அவர் மருந்தாக உண்டாரா, வேறு காரணத்துக்காக உண்டாரா என்பதைப் பற்காறை சொல்லாது. எலும்புகள் இன்னும் உறுதியாகப் பேசுகின்றன. அவற்றை ஆராய்ந்தவர்கள் எழுதியதைப் படிக்கப் படிக்க, அக்கால மருத்துவத்தின் பெரும்பங்கு நோயாளியின் அருகிலிருந்து பார்த்துக்கொண்டவர்களின் உழைப்பே என்ற எண்ணம் எனக்கு வலுத்துவருகிறது.

போர்னியோ தீவின் கிழக்குக் கலிமந்தானில் லியாங் டெபோ என்றொரு சுண்ணாம்புக்கல் குகை இருக்கிறது. அங்கே 2020இல் அகழ்ந்தெடுக்கப்பட்ட, ஏறத்தாழ 31,000 ஆண்டுகளுக்கு முந்தைய எலும்புக்கூட்டில், இடது கெண்டைக்காலின் கீழ்ப்பகுதியும் பாதமும் இல்லை. சிறு வயதிலேயே அந்தக் காலை யாரோ திட்டமிட்டு வெட்டி அகற்றியிருக்கிறார்கள் என்று 2022இல் நேச்சர் இதழில் வெளியான ஆய்வு முடிவுசெய்தது. விலங்கு கடித்தோ பாறை விழுந்தோ கால் போயிருந்தால் எலும்பு நொறுங்கிய தடம் இருந்திருக்கும், அது இல்லை. சீழ் பிடித்த தடமும் இல்லை. வெட்டிய முனை ஆறி மூடிய விதத்தைக் கொண்டு, அதன் பிறகு அவர் ஆறு முதல் ஒன்பது ஆண்டுகள் வாழ்ந்து, இருபது வயதையொட்டி இறந்தார் என்று கணித்திருக்கிறார்கள். அதுவரை அறியப்பட்டிருந்த மிகப் பழைய உறுப்பு நீக்கம், பிரான்சில் சுமார் 7,000 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஓர் உழவரின் முன்கையில் நடந்ததுதான்.

வெட்டியவரின் திறமையைச் செய்திகள் கொண்டாடின; கொண்டாட வேண்டியதும்தான். ஆனால் வெட்டி முடித்த பிறகு நடந்ததையும் எண்ணிப் பார்க்க வேண்டும். ஈரமும் வெப்பமும் மிகுந்த அந்தக் காட்டில் சிறு கீறல்கூட எளிதில் புண்ணாகிவிடும். அங்கே ஒரு சிறுபிள்ளையின் இரத்தப்போக்கை நிறுத்தி, காயத்தைக் கழுவி, மூடி, மீண்டும் கழுவி, வலியில் துடிக்கும் பிள்ளைக்கு ஊட்டி, உறங்கவைத்திருக்கிறார்கள். காயம் ஆறிய பிறகும், கரடுமுரடான அந்த மலைநிலத்தில் இடம்விட்டு இடம் போகும்போதெல்லாம் ஒற்றைக்கால் பிள்ளைக்காக யாரோ நடையைக் குறைத்திருப்பார்கள், அல்லது தூக்கிச் சுமந்திருப்பார்கள். இது ஒருவரால் ஆகிற காரியமில்லை.

பலுசிஸ்தானத்தின் மெஹர்கரில், 7,500 முதல் 9,000 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஒன்பது பேரின் கடைவாய்ப் பற்களில் தீக்கல் முனையால் இட்ட துளைகள் இருக்கின்றன. துளையின் விளிம்புகள் தேய்ந்திருப்பதால், அதன் பிறகும் அவர்கள் அந்தப் பற்களால் மென்றிருக்கிறார்கள் என்று தெரிகிறது. கைத்திறனுக்கு இது நல்ல சான்று.

பராமரிப்புக்கான சான்று வியட்நாமின் மான் பாக்கில் இருக்கிறது. சுமார் 4,000 ஆண்டுகளுக்கு முந்தைய அந்த இடுகாட்டில் கிடைத்த இளைஞர், பிறவியிலேயே கழுத்தெலும்புகள் ஒன்றோடொன்று ஒட்டிப்போகும் குறைபாடு உடையவர். வளரிளம் பருவத்தில் இடுப்புக்குக் கீழ் செயலிழந்து, கைகளையும் மிகக் குறைவாகவே பயன்படுத்த முடிந்த நிலையில் ஏறத்தாழ பத்து ஆண்டுகள் வாழ்ந்திருக்கிறார். அவரை ஆராய்ந்த லோர்னா டில்லி, இப்படிப்பட்ட ஒருவர் உயிரோடிருக்க நாள்தோறும் என்னென்ன செய்யப்பட்டிருக்க வேண்டும் என்று படிப்படியாகக் கேட்கும் ஆய்வுமுறையையே உருவாக்கினார். உணவூட்டுவது, உடலைத் துடைப்பது, படுக்கைப்புண் வராமல் புரட்டிப் படுக்கவைப்பது, குளிரிலிருந்து காப்பது என அந்தப் பட்டியல் நீள்கிறது.

பழைய எலும்பில் அன்பைக் காண்பது மிகைக்கற்பனை என்று சில ஆய்வாளர்கள் எச்சரிப்பதுண்டு. ஈராக்கின் ஷானிதர் குகையில் கிடைத்த, ஒரு கை சூம்பிய நியாண்டர்தால் மனிதரைப் பொறுத்தவரை அந்த எச்சரிக்கை நியாயமானது. அவர் ஓரளவு தாமே பிழைத்திருக்கக்கூடும். மான் பாக் இளைஞருக்கு அது பொருந்தாது. அவருக்குப் பணிவிடை செய்தவர்களின் மனத்தில் அன்பு இருந்ததா, கடமையுணர்வு இருந்ததா என்று நாம் வாதிடலாம். பணிவிடை நடந்ததா என்பதில் வாதத்துக்கு இடமில்லை.

கற்காலம் என்றதும் கருவி, வேட்டை, நெருப்பு என்று சொல்லி முடித்துவிடும் பள்ளிப் பாடங்களில், லியாங் டெபோவில் ஆறிய அந்தக் காலுக்கு ஒரு பத்தியாவது ஒதுக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.