பலன் வந்தால் புத்தகத்துக்குப் பெருமை, வராவிட்டால் வாசகருக்குப் பழியா?

ஞாயிற்றுக்கிழமை மயிலாப்பூர் கூட்டத்தில் நடந்ததைப் பற்றி வாட்ஸ்அப் குழுவில் இன்னமும் ஆளுக்கொன்றாக எழுதிக்கொண்டிருக்கிறீர்கள். ஆழ்மனம் நம்புவதெல்லாம் நடக்கும், நோயும் தீரும் என்று சொல்லும் ஜோசப் மர்ஃபியின் ஆழ்மனப் புத்தகம் உயர்ந்ததா, வெறும் பிதற்றலா என்பதிலேயே எல்லோரும் நிற்கிறீர்கள். என் மனத்தை அறுப்பது வேறு. கணவரை இழந்த ஓர் அம்மா எழுந்து, "நாங்கள் இருவரும் இரவுதோறும் அதைப் படித்தோம், சொன்னபடியே செய்தோம், எங்களுக்குப் பலிக்கவில்லை" என்றார். மேடையில் இருந்தவர் புன்னகையோடு, "உங்கள் நம்பிக்கையில் எங்கோ சந்தேகம் கலந்திருக்கும், அம்மா" என்று பதில் சொன்னார். பலர் கைதட்டினீர்கள். அந்த அம்மா கைப்பையை எடுத்துக்கொண்டு வெளியேறியதைக் கைதட்டியவர்கள் கவனித்தீர்களா என்று எனக்குத் தெரியவில்லை.

நான் கேட்பது ஒன்றுதான். ஒருவருக்கு வேலை கிடைத்தால் அது புத்தகத்தின் வெற்றி. இன்னொருவருக்கு நோய் தீராவிட்டால் அது அவருடைய மனத்தின் குறை. இப்படி ஒரு கணக்கு வைத்துக்கொண்டால் எந்தப் புத்தகம்தான் தோற்கும்? பலித்தவர்களின் சாட்சியத்தை மட்டும் ஏற்போம், பலிக்காதவர்களின் சாட்சியத்தை அவர்கள் மீதே குற்றமாகத் திருப்புவோம் என்றால், அங்கே வாசகர் கருத்து என்ற பேச்சுக்கே இடமில்லை.

இது மேடையில் இருந்தவர் தாமாகச் சொன்னது என்று அவரை மட்டும் குறைகூற மாட்டேன். 1963இல் வெளிவந்த அந்தப் புத்தகமே அப்படித்தான் சொல்கிறது. பலன் கிட்டாமல் போவதற்கு முக்கியமான காரணங்கள் நம்பிக்கைக் குறைவும் அளவு மீறிய முயற்சியும் என்று அதில் எழுதியிருக்கிறது. குறைவாக நம்பினாலும் தவறு, பாடுபட்டு முயன்றாலும் தவறு என்றால், படுக்கையில் கிடக்கும் ஒரு மனிதர் எந்த இடத்தில்தான் நிற்பது? மர்ஃபி மருத்துவர் அல்லர். அயர்லாந்தில் பிறந்து லாஸ் ஏஞ்சலஸில் சமயப் போதகராக இருந்தவர். தமக்கு வந்த புற்றுநோயை ஆழ்மனத்தின் ஆற்றலால் தீர்த்துக்கொண்டதாக அதே புத்தகத்தில் எழுதியவர். அதைப் படித்த நோயாளி, அவருக்குத் தீர்ந்தது எனக்கு ஏன் தீரவில்லை என்று கேட்காமல் எப்படி இருப்பார்?

என் அக்காவும் அதைத்தான் கேட்டாள். தொண்டையில் புற்றுநோய் என்று தெரிந்து கதிர்வீச்சு தொடங்கிய நாட்களில், சொந்தக்காரர் ஒருவர் இந்தப் புத்தகத்தை ஆப்பிளும் ஆரஞ்சும் இருந்த பையோடு கொண்டுவந்து கொடுத்தார். நல்ல மனத்தோடுதான் கொடுத்தார், அதில் எனக்கு ஐயமில்லை. முதலில் அவளுக்கு அது துணையாகவே இருந்தது. வாய் வறண்டு, எச்சில் விழுங்கவும் முடியாத நிலையில் இரவு விளக்கை வைத்துக்கொண்டு படிப்பாள். பிறகு கட்டி குறையவில்லை என்று தெரிந்தது. அன்றிரவு பேச முடியாமல் ஒரு காகிதத்தில், "நான் எதை நினைத்ததால் எனக்கு இது வந்தது?" என்று எழுதி என்னிடம் நீட்டினாள். குழந்தைகளைத் திட்டியதா, மாமியார் மீது கோபப்பட்டதா என்று ஒவ்வொன்றாக எழுதினாள். நோயின் வலி போதாதென்று ஒரு குற்றவுணர்வையும் சுமந்துகொண்டுதான் அவள் போனாள். அந்த அம்மாவின் முகத்தில் ஞாயிற்றுக்கிழமை நான் பார்த்தது அதே கேள்வியைத்தான்.

"எத்தனையோ பேர் இதைப் படித்துத் தேறியிருக்கிறார்களே" என்பீர்கள். ஆம், தேறியிருக்கிறார்கள். குரூப் 4 தேர்வுக்குப் படிக்கும் வியாசர்பாடித் தம்பி, இதைப் படித்த பிறகுதான் இரவில் நிம்மதியாகத் தூங்குகிறேன் என்று சொன்னபோது எனக்கு மகிழ்ச்சியாகவே இருந்தது. அவரைப் போன்றவர்களை முட்டாள்கள் என்று குழுவில் எழுதிய நண்பர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. ஆனால், அந்தத் தம்பிக்கு உதவியது என்பதற்காக அந்த அம்மாவுக்கும் உதவியே தீர வேண்டும் என்று எந்த நியாயம் சொல்கிறது? 2009இல் கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜோஆன் வுட் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும், நான் அன்புக்குரியவன் என்ற வாசகத்தைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைத்துப் பார்த்தார்கள். தன்மதிப்பு மிகுந்தவர்களுக்கு அதனால் சிறிது நன்மை இருந்தது; தன்மதிப்புக் குறைந்தவர்கள் முன்பைவிட மனம் தாழ்ந்து போனார்கள். ஒரே வாசகம் ஒருவரைத் தூக்குகிறது, இன்னொருவரை அழுத்துகிறது. யாருக்கு ஆறுதல் அதிகம் தேவையோ அவரைத்தான் அழுத்துகிறது.

மருந்தே இல்லாத மாத்திரைகூட வலியைக் குறைக்கிறதே என்று ஒருவர் எழுதியிருந்தார். குறைக்கும், வலியையும் குமட்டலையும் குறைக்கும். கட்டியைக் கரைக்காது. அக்காவுக்கு வந்ததைப் போன்ற தலை, கழுத்துப் புற்றுநோய் உள்ள 1,093 பேரின் மனநிலையை அளந்து, அவர்கள் எவ்வளவு காலம் உயிரோடு இருந்தார்கள் என்பதோடு ஜேம்ஸ் கோய்ன் குழுவினர் ஒப்பிட்டுப் பார்த்து 2007இல் வெளியிட்டார்கள். மனம் உற்சாகமாக இருந்ததற்கும் உயிர் நீடித்ததற்கும் தொடர்பே தென்படவில்லை. அந்த ஆய்வைப் படித்த அன்று நான் அழுதேன். அவள் எதையும் தவறாக நினைக்கவில்லை என்று அவளிடம் சொல்ல எனக்கு ஓர் ஆதாரம் கிடைத்தது, கேட்பதற்கு அவள் இல்லை.

வள்ளுவரையும் இழுத்தாயிற்று. "எண்ணிய எண்ணியாங்கு எய்துப" என்று பாதியை எழுதிவிட்டுப் போனவருக்குச் சொல்கிறேன்: அந்தக் குறள் வினைத்திட்பத்தில் இருக்கிறது, செயலில் உறுதி உள்ளவர்களைப் பற்றியது. அதே வள்ளுவர் "உள்ளுவ தெல்லாம் உயர்வுள்ளல்" என்று சொன்ன கையோடு "மற்றது தள்ளினுந் தள்ளாமை நீர்த்து" என்றும் சொல்லியிருக்கிறார். நினைத்தது கைகூடாமல் போகலாம் என்பதை அவர் ஒப்புக்கொள்கிறார். கைகூடாதவரை அவர் குற்றவாளிக் கூண்டில் ஏற்றவில்லை.

எனக்கு எதிர்மறை எண்ணம் அதிகம் என்றும் ஒருவர் எழுதினார். இருக்கட்டும். நோயாளியைப் பார்க்கப் போகிறவர்கள் ஏன் அறிவுரையோடு மட்டுமே போகிறோம்? கஞ்சி வைத்துக் கொடுக்கலாம், மருத்துவமனை வரிசையில் நிற்கலாம், பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து அழைத்து வரலாம். ஒன்றும் முடியாவிட்டால் சும்மா பக்கத்தில் உட்காரலாம். "நீங்கள் சரியாக நினைக்கவில்லை" என்று சொல்வதற்குப் பேருந்து ஏறிப் போக வேண்டியதில்லை.

மேடையில் பேசிய ஐயாவுக்கு இந்தப் பதிவு வந்து சேரும் என்று தெரியும். அந்த அம்மா ஞாயிற்றுக்கிழமை இரவே குழுவிலிருந்து விலகிவிட்டார். அவருடைய எண் உங்களிடம் இருக்கிறது. கூப்பிட்டு, அவருடைய கணவர் இறந்ததற்கு அவர்கள் இருவருடைய நம்பிக்கையும் காரணமில்லை என்று உங்கள் வாயால் சொல்லுங்கள். அதன் பிறகு அடுத்த கூட்டத்தில் புத்தகத்தைப் பற்றி எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் விவாதிப்போம், நான் வருகிறேன்.