தார் ரோட்டுக்கு இந்தப் பக்கம் அம்புலன்ஸ் நாம்தான்

நம் மலையகத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் இளைஞர்கள் கூடி "நமக்கென்று ஒரு அம்புலன்ஸ் வேணும்" என்று பேச்செடுத்தால், அடுத்த பேச்சு வேன் விலைதான். வெளிநாட்டில் இருக்கிறவர் எவ்வளவு தருவார், கோயில் கமிட்டி எவ்வளவு போடும், பழைய டொல்பின் வேன் எங்கே கிடைக்கும் என்று கணக்குப் போடுவார்கள். வேன் கடைசியாக வர வேண்டிய சாமான் என்பது என் உறுதியான கருத்து. வேனுக்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை நிறைய இருக்கிறது. உயிர் போவதும் பெரும்பாலும் அந்த வேலை நடக்காத இடத்தில்தான்.

1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் வரும் சுவசரிய அம்புலன்ஸ் சேவை 2016இல் இலங்கையின் மேல், தென் மாகாணங்களில் தொடங்கி, 2018இலிருந்து மற்ற மாகாணங்களுக்கும் விரிந்தது. இந்திய நன்கொடையில் வந்த 297 வண்டிகளோடு நாடு முழுவதும் போன சேவை அது. நோயாளியிடம் ஒரு சதமும் வாங்குவதில்லை. உள்ளே பயிற்சி பெற்றவர் இருக்கிறார், ஒட்சிசன் இருக்கிறது, கருவிகள் இருக்கின்றன. அதோடு போட்டி போட ஒரு பழைய வேனை வாங்கி நிறுத்துவதில் பயனில்லை. ஆனால் அந்த வண்டி எங்கே வந்து நிற்கும்? தார் ரோட்டில், அல்லது ஸ்டோர் (தேயிலை ஆலை) வாசலில். மேல் டிவிஷனில் (தோட்டப் பிரிவில்) உள்ள லயத்திலிருந்து, அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளிலிருந்து, அங்கே வரைக்கும் உள்ள படிக்கட்டு, மண்பாதை, தேயிலை நிரைக்கு நடுவே போகும் ஒற்றையடிப் பாதை எல்லாம் யாருடைய பொறுப்பு? யாருடையதும் இல்லை. நாம் அமைக்கும் தொண்டர் அணி நிற்க வேண்டிய இடம் அதுதான்.

முதல் வேலை முகவரி. 1990க்கு எடுத்ததும் கேட்கிற கேள்வி "எங்கே இருக்கிறீர்கள்?" என்பது. பல லயங்களுக்கு வீதிப் பெயர் கிடையாது, வீட்டிலக்கம் கிடையாது. தோட்டத்துக்குப் பதிவேட்டில் ஒரு பெயர், நம் வாயில் வேறு பெயர். "மேல் கணக்கு" (மேல் டிவிஷன்) என்றால் பக்கத்துத் தோட்டத்திலும் ஒரு மேல் கணக்கு உண்டு. ஆகவே ஒவ்வொரு டிவிஷனுக்கும் ஒரு சந்திப்பு இடத்தை முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். வண்டி திரும்பக்கூடிய இடமாக, இரவிலும் அடையாளம் தெரிகிற இடமாக இருக்கட்டும்: கோயில் சந்தி, கொழுந்து நிறுக்கும் மடுவம், காலையில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்களம். அதன் இருப்பிடப் புள்ளி, தோட்டத்தின் இரண்டு பெயர்கள், பக்கத்து டவுண், கேட்டின் சாவி யாரிடம் என்பதையெல்லாம் ஒரு அட்டையில் அச்சடித்து ஒவ்வொரு லயத்துச் சுவரிலும் ஒட்டுங்கள். பள்ளத்தாக்கு லயங்களில் சிக்னல் கிடைக்கிற இடம் எது என்பதையும் அதில் எழுதுங்கள். அழைத்தவர் போனை வைத்ததும், ஒருவர் டோர்ச்சோடு சந்திப்பு இடத்துக்கு ஓட வேண்டும். வண்டி தவறான பாதையில் ஏறிவிட்டால், திரும்ப இடமில்லாமல் பின்னாலேயே இறங்க வேண்டி வரும். அதற்கே அரை மணித்தியாலம் போய்விடும்.

இரண்டாவது, தூக்குவது. இதைத்தான் எல்லாரும் லேசாக நினைக்கிறார்கள். 70 கிலோ நோயாளி, தூக்கிச் செல்லும் படுக்கை, கம்பளி, ஒட்சிசன் எல்லாம் சேர்ந்தால் 85 கிலோ வரும். நான்கு பேர் தூக்கினால் ஆளுக்கு 20 கிலோவுக்கு மேல். தேயிலை நிரைக்குள்ளே இரண்டு பேர் பக்கம் பக்கமாக நடக்க இடமில்லை. அங்கே முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர் என்றால் ஆளுக்கு 40 கிலோவைத் தாண்டும். கைப்பிடி மட்டும் போதாது. தோளில் குறுக்கே போடும் அகலமான வார்ப்பட்டை கட்டாயம் வேண்டும். எட்டுப் பேர் கொண்ட குழு, 100 மீற்றருக்கு ஒருமுறை ஆள் மாற்றம், மாற்றச் சொல்லும் அதிகாரம் ஒருவருக்கு மட்டும். அவர் தூக்கக் கூடாது, தலைமாட்டில் நடந்து நோயாளியின் முகத்தையும் மூச்சையும் பார்க்க வேண்டும். ஏறும்போது தலை முன்னே, இறங்கும்போது கால் முன்னே. அப்போதுதான் தலை எப்போதும் உயரத்தில் இருக்கும். நெஞ்சு, இடுப்பு, முழங்கால் என்று மூன்று பட்டி. மழையில் கல்படி வழுக்கினால் பட்டி போடாத நோயாளி முதலில் விழுவார்.

மூச்சுத் திணறுகிறவரைப் படுக்க வைத்துத் தூக்கக் கூடாது, திணறல் கூடும். கதிரையில் இருத்தித் தூக்குங்கள். ஆனால் பிளாஸ்டிக் கதிரை வேண்டாம்; பாதிப் படியில் அதன் கால் முறியும். இரும்புக் கதிரையோ பலகைக் கதிரையோ ஒன்றை டிவிஷனுக்கு ஒதுக்கி, அதில் இரண்டு பட்டியை நிரந்தரமாகக் கட்டி வையுங்கள். விழுந்து முதுகோ கழுத்தோ அடிபட்டவருக்குக் கதிரையும் வேண்டாம், கம்பளித் தொட்டிலும் வேண்டாம், தட்டையான பலகைதான்.

குளிரை மறந்துவிடுகிறோம். நுவரெலியா டவுணே 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. நனைந்த உடுப்போடு படுக்கையில் அசையாமல் கிடக்கிறவரின் உடல் சூடு வேகமாக இறங்கும். உடல் குளிர்ந்தால் இரத்தம் உறைவதும் குறையும், காயம் நிற்காமல் கசியும். நனைந்ததைக் கழற்றி, மேலே ஒரு கம்பளி, கீழே இரண்டு. கீழே போடுவதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். குளிர்ந்த விரலில் ஒட்சிசன் அளவுக் கருவியை மாட்டினால் பிழையான எண் காட்டும். விரலைத் தேய்த்துச் சூடாக்கி, நகப்பூச்சு இருந்தால் துடைத்துவிட்டு மாட்டுங்கள்.

ஒட்சிசன் சிலிண்டர் கணக்கையும் சுவரில் எழுதி வைக்க வேண்டும். 340 லீட்டர் கொள்ளும் சிறிய சிலிண்டரை நிமிடத்துக்கு 10 லீட்டர் வீதம் திறந்தால் 34 நிமிடம். கடைசிக் கொஞ்சத்தை நம்பக் கூடாது என்பதால் 25 நிமிடம் என்றே திட்டமிடுங்கள். தூக்கி இறக்கவே 40 நிமிடம் எடுக்கும் டிவிஷனுக்கு ஒரு சிலிண்டர் போதாது. வால்வுப் பக்கம் எண்ணெய், கிரீஸ் பட்ட கை படவே கூடாது, தீப்பிடிக்கும்.

குளவிக் கொட்டு பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், நம் மலைகளில் இதுதான் ஒரே நேரத்தில் பலரை விழுத்துகிறது. கொட்டிய இடத்திலிருந்து வரும் மணம் மற்றக் குளவிகளையும் இழுக்கும். எனவே விழுந்தவரைப் பக்கத்திலேயே வைத்து வைத்தியம் பார்க்கப் போனால் தூக்க வந்தவர்களும் விழுவார்கள். முதலில் தூர விலக வேண்டும். துணியை வீசிக் கலைக்கக் கூடாது. தேனீயாக இருந்தால் கொடுக்கு தோலில் நிற்கும், உடனே சுரண்டி எடுங்கள். குளவி கொடுக்கை விட்டுப் போகாது. பிறகு மூச்சிழுப்பு, தொண்டை இறுக்கம், உடம்பெல்லாம் தடிப்பு, மயக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். ஒன்று இருந்தாலும் அது ஒவ்வாமை அதிர்ச்சியாக இருக்கலாம். படுக்க வைத்துக் காலை உயர்த்துங்கள். மயக்கம் வந்தவரைத் திடீரென்று எழுப்பி நிறுத்தினால் இருதயம் நின்றுவிடக்கூடும். மூச்சு முட்டினால் மட்டும் சாய்வாக இருத்தலாம். இதற்கு மருந்து அட்ரினலின், தொடையில் ஊசியாக. அதைப் போடுவது தொண்டரின் வேலை அல்ல, தோட்டத்து டிஸ்பென்சரியில் அது இருக்கிறதா, காலாவதி திகதி எப்போது என்று மாதம் ஒருமுறை கேட்பது தொண்டரின் வேலை. நிறையக் கொட்டு வாங்கியவர் "எனக்கு ஒண்ணுமில்ல" என்று லயத்துக்குத் திரும்பினால் விடாதீர்கள். விஷம் தசையைச் சிதைத்து, ஓரிரு நாளில் சிறுநீரகத்தை அடைக்கலாம். சிறுநீர் தேயிலைச் சாயம் போல் கறுத்தால் அது ஆபத்தின் அடையாளம்.

பாதி வழியில் பிரசவம் ஆனால் பிள்ளையை இழுக்க வேண்டாம். துடைத்து, தாயின் வெறும் மார்பில் கிடத்தி, இருவரையும் சேர்த்து மூடி, பிள்ளைக்குத் தொப்பி போடுங்கள். தொப்புள்கொடியை வெட்ட அவசரமில்லை. நஞ்சுக்கொடி வெளியே வந்தால் பையில் போட்டு வைத்தியசாலைக்குக் கொண்டு போங்கள்.

ஒப்படைக்கும்போது பெரிய இடைஞ்சல் மொழி. வண்டியில் வருகிறவருக்கோ வைத்தியசாலை அவசரப் பிரிவில் இருப்பவருக்கோ தமிழ் தெரியாமல் இருக்கலாம். பதற்றத்தில் இருக்கும் உறவினருக்குச் சிங்களம் வராது. இரண்டு மொழியிலும் அச்சடித்த ஒரு துண்டுத்தாள் போதும்: பெயர், வயது, என்ன நடந்தது, எத்தனை மணிக்கு, நினைவு இருந்ததா, வலிப்பு வந்ததா, என்ன மருந்து குடிக்கிறார், எந்த மருந்து ஒவ்வாது. கட்டத்தில் கோடு போட்டால் போதுமாக அமைத்துக்கொள்ளுங்கள். பாரிசவாத நோயாளிக்கு மணிதான் எல்லாம். இரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நான்கரை மணித்தியாலத்துக்குள் போட வேண்டும். "காலையில இருந்து" என்று சொன்னால் அவர்களால் முடிவெடுக்க இயலாது. கடைசியாக நன்றாக இருந்ததைப் பார்த்த நேரத்தை எழுதுங்கள். கிளினிக் கொப்பி, அடையாள அட்டை, கூடப் போக ஒரே ஒரு உறவினர்.

ஆள் சேர்ப்பதில் நடக்கும் தவறு, பெயர்ப் பட்டியல் முழுக்க இளைஞர்களாக இருப்பது. வார நாளில் அவர்களில் பாதிப் பேர் கொழும்பில். பகல் பத்து மணிக்குத் தோட்டத்தில் இருப்பது கொழுந்தெடுக்கும் பெண்கள், பிள்ளைக் காம்பராவில் (பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் இடத்தில்) இருக்கும் அக்காமார், ஓய்வு பெற்றவர்கள். முதலில் பயிற்சி கொடுக்க வேண்டியது அவர்களுக்கும் கங்காணிமாருக்கும்தான். நெஞ்சழுத்தம் நிமிடத்துக்கு 100 முதல் 120, ஆழம் 5 முதல் 6 சென்ரிமீற்றர், இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாற்றம். இதைச் செய்து பழகாமல், கேட்டு மட்டும் வைத்தவர்கள் ஆழமாக அழுத்தப் பயப்படுகிறார்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை திரும்பப் பழக வேண்டும்.

மண்சரிவுக் காலத்துக்குத் தனிப் பட்டியல் வையுங்கள். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது மலைப் பாதைகள் ஒரே நேரத்தில் பல இடங்களில் அறுந்தன. அப்படியான நாளில் எந்த வண்டியும் வராது. மாதம் நிறைந்த கர்ப்பிணிகள், இரத்தச் சுத்திகரிப்புக்குப் போகிறவர்கள், வீட்டில் ஒட்சிசன் பாவிக்கிறவர்கள் ஆகியோரின் பெயர் கையில் இருக்க வேண்டும். தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் செம்மஞ்சள் எச்சரிக்கை விட்டதுமே அவர்களை டவுண் பக்கம் உள்ள உறவினர் வீட்டுக்கு அனுப்புங்கள். சிவப்பு வரும்வரை காத்திருந்தால் பாதை இருக்காது. சிவனொளிபாதமலை சீசனில் மஸ்கெலியா ரோடும், ஏப்ரலில் நுவரெலியா டவுணும் வண்டிகளால் அடைபடும், அதையும் கணக்கில் எடுங்கள்.

இவ்வளவும் ஓடத் தொடங்கிய பிறகு, 1990 வர நீண்ட நேரம் எடுக்கும் டிவிஷனாக இருந்தால், வேனைப் பற்றிப் பேசலாம். வாங்கும் விலையை மட்டும் பார்க்காதீர்கள். இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் சூடேறிப் பிடிக்காமல் போகும், முதல் கியரிலும் இரண்டாம் கியரிலும் இறக்கப் பழகிய சாரதி வேண்டும். நோயாளியை ஏற்றினால் காப்புறுதி செல்லுமா என்று எழுத்தில் கேளுங்கள். 2022இல் எரிபொருள் இல்லாமல் நின்றதை நினைத்து, பக்கத்து நிரப்பு நிலையத்தோடு முன்கூட்டியே பேசி வையுங்கள்.

காசுக்குப் புதிதாக ஒரு முறையைத் தேட வேண்டியதில்லை. மரணாதார சங்கம் இருக்கிறது. மாதச் சந்தா, கணக்கு வாசிப்பு, பொருளாளர் எல்லாம் பழகிய ஏற்பாடு. செத்த பிறகு பெட்டிக்கும் பந்தலுக்கும் சந்தா கட்டுகிற நாம், அதே கொப்பியில் உயிரோடு இருக்கும்போது தூக்கிச் செல்ல இன்னொரு பத்தியைத் திறக்கலாம். முதல் வருடச் சந்தாவில் படுக்கை, வார்ப்பட்டை, தலையில் கட்டும் விளக்கு ஆறு, கம்பளி எட்டு, அச்சடித்த துண்டுத்தாள் வாங்குங்கள். வைத்தியசாலைக்கு நோயாளியோடு போகும் கம்பளியும் படுக்கையும் திரும்பி வராமல் போவது வழக்கம். டிவிஷன் பெயரைப் பெரிதாக எழுதி, கூடப் போகிற உறவினரிடம் கையொப்பம் வாங்கி, மறுநாளே ஒருவரை அனுப்பி எடுத்து வாருங்கள்.