ஒரே வீச்சு இரண்டு முறை வராது

ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்தால் கை பழகிவிடும் என்று ஒரு கட்டுரையில் படித்தேன். பாதிதான் சரி. பாம்பனில் சித்தப்பாவிடம் வீச்சு வலை பழகியபோது கரை மணலில் நின்று அழகாக விரித்தேன். இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கியதும் வலை சுருண்டு விழுந்தது. அலை, காற்று, காலடி மண் எல்லாமே ஒவ்வொரு முறையும் வேறு!

1920களில் மாஸ்கோவில் பெர்ன்ஸ்டைன் என்ற ஆய்வாளர் சுத்தியல் அடிப்பவர்களைப் படம் பிடித்துப் பார்த்தார். தேர்ந்தவர்களிடமும் தோள், முழங்கை அசைவு அடிக்கு அடி மாறியது. சுத்தியல் மட்டும் குறிக்கே போனது. சித்தப்பாவும் அப்படித்தான். உடம்பு எப்படி வளைந்தாலும் வலை ஓரத்து ஈயக் குண்டுகள் வட்டமாகவே விழும். "கையைப் பாக்காத, வலை விழுற எடத்தப் பாருடா" என்பார். அப்புறம்தான் எனக்கு வலை விரிந்தது.