தொல்லை தருபவரே சங்கத்துக்காரர் என்றால்?
வேலையிடத்தில் பாலியல் தொல்லை வந்தால் முதலில் தொழிற்சங்கத்திடம் போங்கள் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. சரி, தொல்லையே சங்கத்துக்குள் என்றால்? 2018-ல் மீ டூ புகார்களைத் துணிந்து பேசிய பாடகியும் டப்பிங் கலைஞருமான சின்மயியை அவருடைய டப்பிங் யூனியனே நீக்கியது. சொன்ன காரணம், சந்தா பாக்கி! எங்கள் சங்கக் கிளையில் புகார் கொடுத்த அக்கா கூட்டத்துக்கு வந்தால் பக்கத்து நாற்காலி காலியாகவே கிடக்கும். டீ கூட அவருக்குக் கடைசியில்தான். "வெளியே தெரிந்தால் நிர்வாகம் சிரிக்கும் தோழர்" என்று சமாதானம் வேறு. நானும் 3 கூட்டம் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன். நாலாவதில் போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன், அவ்வளவுதான். அப்புறம்தான் இந்தப் புகார்களை விசாரிக்கும் மாவட்ட உள்ளூர்க் குழுவுக்கு மனு எழுதினோம். 10 பேருக்குக் குறைவாக வேலை செய்யும் அலுவலகம் என்றால் 2013-ம் ஆண்டின் பணியிடப் பாலியல் தொல்லைத் தடுப்புச் சட்டப்படி அங்கேதான் போகவேண்டும்; சம்பவம் நடந்ததிலிருந்து 3 மாதக் கெடு. எங்களுக்கு மிச்சம் இருந்தது 8 நாள்.